உன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. எந்த ஊர்க் கல்லூரி என்று கேட்காதே. எல்லா ஊரிலும் இதே கடைதான்!

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நாளை கடைசித் தேதி. கடை வாசலில் பதினைந்து பிள்ளைகள். கையில் ஆதார், பாஸ்புக், வருமானச் சான்றிதழ். முகத்தில் கலவரம்.

"அண்ணா, ஓடிபி வந்துருச்சுண்ணா. நாலு, ஏழு, ரெண்டு..."

உரக்கச் சொல்கிறாய். தெரு முழுக்கக் கேட்கிறது!

கடைக்கார அண்ணன் ஒரு நீள நோட்டை எடுக்கிறார். முனை சுருண்டு, அழுக்கேறி, நடுத் தையல் விட்டுப்போன நோட்டு. வரிசையாகப் பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி. அதற்கும் பக்கத்தில் பாஸ்வேர்டு. உன் பெயரேதான், கடைசியில் 123.

உன் வீட்டுச் சாவியைத் தெருமுனைக் கடையில் ஆணியடித்து மாட்டுவாயா? இதை மட்டும் எப்படி மாட்டினாய்?

உனக்கு மின்னஞ்சல் தொடங்கியது அவர். டிஜிலாக்கர் திறந்தது அவர். ஏபிசி ஐடி எடுத்துத் தந்தது அவர். செமினார் கட்டுரையை டைப் அடித்தது அவர். பிபிடியின் ஓரத்தில் பூப்போட்டதுகூட அவர்தான்!

பட்டம் மட்டும் உன் பெயரிலா?

சுருக்கென்று இருக்கிறதா? இருக்கட்டும். மேலே படி.

அந்த அண்ணன் என்ன படித்தவர் தெரியுமா? நான் ஒருநாள் கேட்டேன். "பத்தாவது சார். அதுவும் கணக்குல ரெண்டு அட்டெம்ப்ட்" என்றார்.

கம்ப்யூட்டர் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

"யாரும் இல்ல சார். கடை போட்ட புதுசுல ஒரு பையனோட அப்ளிகேஷனைத் தப்பாப் போட்டுட்டேன். அவங்கப்பா வந்து சட்டையைப் பிடிச்சுட்டாரு. அன்னிக்கு ராத்திரி ஷட்டரை இறக்கிட்டு உக்காந்தேன். ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பார்த்தேன்."

பத்தாவது படித்தவர் பட்டன் பட்டனாக அமுக்கிப் பார்த்தார். மூன்றாம் ஆண்டு படிக்கும் நீ வரிசையில் நிற்கிறாய்!

என்ன வித்தியாசம் உங்கள் இருவருக்கும்? மூளையா? பணமா? ஆங்கிலமா?

மனிதர்கள் ஒரு கருவியை ஏன் தொடுகிறார்கள், ஏன் ஒதுங்குகிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் குடைந்து பார்த்திருக்கிறார்கள். 1989இல் அமெரிக்காவின் ஃபிரெட் டேவிஸ் இரண்டே கேள்விகளில் கொண்டுவந்து நிறுத்தினார். இது எனக்குப் பயன்படுமா? இது எனக்குச் சுலபமாக வருமா?

கவனி! உண்மையில் பயன்படுமா என்று அவர் கேட்கவில்லை. பயன்படும் என்று நீ நினைக்கிறாயா என்றுதான் கேட்டார். முடிவு செய்வது உன் நினைப்பு.

2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸும் வேறு இருவரும் சேர்ந்து இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? வசதி இருக்கிறதா?

பயன், சுலபம், சுற்றம், வசதி. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த நான்கையும் வைத்து மாணவர்களை அளந்துகொண்டிருக்கிறார்கள். உன்னை அளக்க எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நீ சொல்லும் சாக்குகளே போதும்!

"சார், எங்கிட்ட லேப்டாப் இல்ல."

இது சாக்கு இல்லை; உண்மை. இல்லாததை இருக்கிறதென்று நான் சொல்லப்போவதில்லை. ஆறு பேர் உள்ள வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் என்ன செய்வாய்? கொரோனாவில் எத்தனை பிள்ளைகள் மொட்டை மாடியிலும் ஏரிக்கரையிலும் சிக்னல் தேடி அலைந்தார்கள்!

தமிழ்நாட்டில் அரசுகளும் சும்மா இருக்கவில்லை. 2011இல் விலையில்லா மடிக்கணினி வந்தது. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா என்று அறிவித்தார்கள். 2025 நிதிநிலை அறிக்கையில் 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்றார்கள்.

நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உன் தெருவில் அந்த மடிக்கணினி வாங்கிய அண்ணன்கள், அக்காக்கள் எத்தனை பேர்? அதில் படம் மட்டுமே பார்த்தவர்கள் எத்தனை பேர்? அடகு வைத்தவர்கள்? பேட்டரி ஊதிப்போய்ப் பரண்மேல் கிடப்பவை?

வீணை வாங்கியவரெல்லாம் வித்வானா?

கருவி வேண்டும். கேட்டுப் பெறு. ஆனால் அது வரும்வரை கை கட்டி நிற்காதே! மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன்? உன் கல்லூரி லேபில் மதியம் இரண்டு மணிக்குமேல் எத்தனை கணினிகள் காலியாக இருக்கின்றன என்று என்றைக்காவது எட்டிப் பார்த்தாயா? லேப் அசிஸ்டென்ட்டிடம் "சார், அரைமணி நேரம் உட்காரலாமா?" என்று கேட்டாயா?

கேட்கவில்லை. ஏன்? வாய் வரவில்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

"நான் தமிழ் இலக்கியம். எனக்கெதுக்கு சார் கம்ப்யூட்டர்?"

அடடா! நீ அல்லவா முதலில் ஓடி வந்திருக்க வேண்டும்!

உ.வே.சாமிநாதையர் ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராகப் போனார். கறையான் தின்ற ஏட்டை மடியில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு சொல் வேறெங்கே வந்திருக்கிறது என்று பார்க்க அவருக்கு எத்தனை இரவுகள் போயிருக்கும்!

1998இல் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் இடமெல்லாம் உன் கண்முன் வந்து நிற்கும்.

சாமிநாதையருக்கு ஏடு தேடிக் கால் தேய்ந்தது. உனக்கு ரீல்ஸ் தள்ளிக் கட்டைவிரல் தேய்கிறது!

வரலாறு படிக்கிறாயா? மற்றவர்கள் செய்த பிஎச்டி ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிகவியலா? எக்செல் தெரியாமல் எந்தக் கணக்கு அலுவலகத்தில் உன்னை உட்கார வைப்பார்கள்? பயன் இல்லை என்று சொல்லாதே. நீ தேடவில்லை.

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு சார்."

பாதி உண்மை. பாதி பயம்.

மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் என்று தேடிப் பார். பத்துப் பத்து நிமிடப் பாடங்கள். லிப்ரே ஆபீசிலிருந்து புரோகிராமிங் வரை. தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. அந்தக் குரல் சொல்லும்போதே நிறுத்தி நிறுத்தி நீ செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். காசு கிடையாது.

அதோடு ஒன்று. "சேவ்", "ஃபைல்", "காப்பி", "பேஸ்ட்" இதெல்லாம் இங்கிலீஷா? உன் அம்மா ரேஷன் கடையில் "சர்வர் டவுனாம்" என்று சொல்லிவிட்டு வருகிறாரே, அவர் எந்த ஆங்கில வழிப் பள்ளியில் படித்தார்?

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். தங்கச்சி, இது உனக்கு.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் போனு?" இந்த ஒரு வாக்கியம் எத்தனை கனவுகளை மூட்டை கட்டியிருக்கிறது! விடுதியில் சாயங்காலம் போனை வாங்கி அலமாரியில் பூட்டுகிறார்கள். வீட்டில் அண்ணன் போனைத் தொட்டால் சந்தேகம். நான்கு காரணங்களில் "சுற்றம்" என்று சொன்னேனே, அது உனக்கு மட்டும் கூடுதல் உயரச் சுவராக நிற்கிறது. அது உன் குற்றமில்லை.

அரசுப் பள்ளியில் படித்த உனக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா? 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள். அந்தப் பணம் உன் கணக்கில் விழுகிறது. உன் படிப்புக்காக விழுகிறது. அதிலிருந்து ரீசார்ஜ் செய். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, படிக்கும் பாடத்தைத் திறந்து காட்டு. கண்ணால் பார்த்தால் பாதிச் சந்தேகம் போகும். மீதிக்கு நீ சண்டை போடத்தான் வேண்டும். போடு!

இனி, எல்லாம் இருந்தும் படிக்காதவர்களிடம் வருகிறேன். லேப்டாப் இருக்கிறது. வைஃபை இருக்கிறது. ஆங்கிலமும் வருகிறது. நீ என்ன கிழித்தாய்?

உன் போன் கேலரியைத் திற. கரும்பலகைப் படங்கள் எத்தனை? ஆசிரியர் எழுதி முடித்ததும் படக் படக்கென்று எடுத்தாயே! அதற்கப்புறம் ஒரு படத்தையாவது திறந்து பார்த்தாயா? கல்யாண ஆல்பத்தைக்கூட மக்கள் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள்!

வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் வந்து குவிகிறது. "தேங்க்ஸ் மச்சி" என்று போடுகிறாய். இறக்கி வைத்தால் படித்த மாதிரி ஆகிவிடுமா? அரிசி மூட்டையை வீட்டில் இறக்கினால் பசி ஆறுமா?

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைச் சில மாணவர்கள் திரும்பத் திரும்பப் படித்தார்கள். வேறு சிலர் ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால்? அவர்களுக்கு 40 விழுக்காடு நினைவிருந்தது. மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61!

வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் மூன்று முறை பார்க்கிறாயே, அது முதல் கூட்டம். ஒருமுறை பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, வெள்ளைத் தாளில் எழுதிப் பார். நீ எந்தக் கூட்டம் என்று தாள் சொல்லும்.

என்பிடெல் தெரியும்தானே? ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. ஐஐடிக்குள் நுழைய முடியாத உனக்கு ஐஐடிப் பேராசிரியரையே கொண்டுவந்து வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். பாடம் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

சேர்ந்தாய். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாய். அப்புறம்?

நீ மட்டுமில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்தும் இணையப் பாடங்களை அலசி 2019இல் ஒரு கட்டுரை வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிப் பேருக்குமேல் பாடத்தின் உள்ளேயே போகவில்லை! 2017-18இல் நூறு பேர் சேர்ந்தால் முடித்தவர்கள் ஏறக்குறைய மூன்று பேர். ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில்? நூற்றுக்கு 46 பேர் முடித்தார்கள்.

காசு கட்டியவன் கடைசிவரை வருவான் என்று டுடோரியல் நடத்துபவர்களைக் கேட்டால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். கட்டு! தேர்வுக் கட்டணத்தைப் பாடம் தொடங்கும்போதே கட்டு. போய்விடுமே என்ற வயிற்றெரிச்சல் உன்னைப் படிக்க வைக்கட்டும். கட்ட முடியாத நிலையா? நண்பன் கையில் உனக்குப் பிடித்த ஒரு பொருளைக் கொடுத்து வை. முடித்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்று சொல்.

அப்புறம், 2022 நவம்பர் 30. சாட்ஜிபிடி வந்தது. உனக்குத் தீபாவளி!

"ஐந்து பக்கத்துக்கு அசைன்மென்ட் எழுதிக்கொடு." எழுதிக் கொடுத்தது. அப்படியே பிரிண்ட் எடுத்தாய். இது என்ன? இன்னொரு ஜெராக்ஸ் கடை! முன்பாவது தெருவைக் கடந்து போக வேண்டியிருந்தது.

அது கொடுக்கும் நூற்பட்டியலில் இல்லாத புத்தகம் இருக்கலாம். எழுதாத ஆசிரியர் இருக்கலாம். வைவாவில் எதிரே உட்கார்ந்திருப்பவர், "தம்பி, இந்தப் புத்தகத்தை எங்கே பார்த்தாய்?" என்று கேட்டால் என்ன சொல்வாய்?

அதே கருவியிடம் வேறு மாதிரிக் கேட்டுப் பார். "நான் எழுதியது இது. எங்கே தப்பு? விடையைச் சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு." "இந்தப் பாடத்திலிருந்து என்னிடம் பத்துக் கேள்வி கேள்." அப்போது அது உன் வேலைக்காரன். இப்போது நீ அதன் தபால்காரன்!

சரி. பிறகு பேசுவோம் என்றேனே, அந்த வாய் வராத விஷயம். அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது.

பயம்.

தப்பாக அமுக்கிவிட்டால்? எல்லாம் அழிந்துவிட்டால்? பக்கத்தில் இருப்பவன் சிரித்துவிட்டால்?

எனக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கோயிலுக்குள் போவதுபோல. ஏசி குளிரில் கால் சில்லிடும். மூன்று பேருக்கு ஒரு கணினி. டவுனிலிருந்து வந்தவன் நாற்காலியில். நான் பின்னால், நின்றுகொண்டு. மூன்று ஆண்டுகளில் நான் அந்த விசைப்பலகையைத் தொட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புரோகிராமை நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, பாஸானேன்.

வேலைக்குப் போன முதல் நாள். சாயங்காலம் கணினியை நிறுத்தத் தெரியவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கினேன்!

அறையே சிரித்தது. அந்த அலுவலகத்தில் டீ வாங்கி வரும் பெரியவர்தான் பக்கத்தில் வந்தார். "ஸ்டார்ட்டை அமுக்குங்க தம்பி, அதுக்குள்ளதான் நிறுத்துறது இருக்கு" என்றார். நிறுத்துவதற்கு எதற்கு ஸ்டார்ட்? எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து நிறுத்தத் தெரியும்.

அந்தச் சிரிப்பில் நான் செத்துப்போனேனா? இல்லையே! உன்னிடம் கத்திக்கொண்டிருக்கிறேனே!

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதினார். "என்னால் இது முடியும்" என்ற நினைப்பு ஒரு மனிதனுக்கு நான்கு வழிகளில் வருகிறதாம். தானே செய்து ஜெயித்தது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது. பிறர் ஊக்கி ஏற்றிவிட்டது. உடம்பின் படபடப்பு அடங்கியது.

இதில் எது வலுவானது? தானே செய்தது. பிறர் பேசி ஏற்றிவிடுவது அதன் பக்கத்திலேயே நிற்காது.

ஆமாம், நான் இப்போது செய்துகொண்டிருப்பதும் அந்த வலுவில்லாத வேலைதான்! இந்தக் கட்டுரையைப் பத்து முறை படித்தாலும் உனக்கு ஒரு ஃபைலைச் சேவ் செய்ய வராது. தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டுக் கைதட்டிவிட்டு அதே வரிசையில் போய் நின்றவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கடைக்கார அண்ணனை யாரும் ஊக்கவில்லை. மேடை போட்டுப் பேசவில்லை. சட்டையைத்தான் பிடித்தார்கள். அவர் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். ஒரு பட்டன் புரிந்தது. அது அடுத்த பட்டனுக்குத் துணிச்சல் கொடுத்தது. உன்னைப் போன்றவர்தான் அவர். உன் ஊர்தான். உன்னைவிடக் குறைந்த படிப்புதான்.

அதனால் எனக்கு உன்னிடம் பெரிய சபதமெல்லாம் வேண்டாம். பைத்தான் கற்பேன், ஏஐ கற்பேன் என்று நோட்டில் எழுதாதே. ஒரே ஒரு வேலை. முழுசாக, நீயே, யாரையும் கேட்காமல்.

போனை எடு. மின்னஞ்சல் செட்டிங்ஸில் "செக்யூரிட்டி" என்று இருக்கும். தேடு. முதலில் கிடைக்காது. மறுபடி தேடு. தப்பான பக்கத்துக்குப் போனால் பின்னால் வா, ஒன்றும் வெடிக்காது! பாஸ்வேர்டு மாற்றும் இடம் வரும். உன் பெயர் வேண்டாம், 123 வேண்டாம். உனக்கு மட்டும் தெரிந்ததைப் போடு.

அதன்பிறகு அண்ணன் கடைக்குப் போ. அவரிடம் கோபம் வேண்டாம். இத்தனை நாள் உனக்காக உழைத்தவர். பிரிண்ட் எடு. காசு கொடு. "அண்ணா, அந்த நோட்டுல என் பேரை அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வா.